பத்துக்கு எத்தனை? ஒரு படத்துக்குப் புள்ளி போடுவதற்குப் பின்னால்

"படம் எப்பிடி?" என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் கிடைக்கும் விடைகள் அதிகமில்லை. திறம். சோக்கு. பறவாயில்ல. ஒருக்காப் பாக்கலாம். அலுப்பு. விசர்ப் படம். மட்டக்களப்பில் வளர்ந்தவருக்கு இந்த ஆறு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரம் நன்றாகத் தெரியும். "பறவாயில்ல" என்றால் நேரமிருந்தால் தியேட்டருக்குப் போகலாம். "ஒருக்காப் பாக்கலாம்" என்றால் காசு கொடுத்துப் போக வேண்டாம், டிவியில் வரும்போது பார்த்தால் போதும். சொல்பவரின் முகமும் அவர் இழுக்கிற இழுப்பும் மிச்சத்தைச் சொல்லிவிடும்.

இப்போது அதே கேள்விக்கு எண் வருகிறது. கல்லடிப் பாலத்தடியில் காற்று வாங்க நிற்கும் பெடியன்களிடம் கேட்டால் "ஏழரை மச்சான்" என்கிறார்கள். கல்முனையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் படம் பார்த்த இரவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நட்சத்திரம் போட்டுவிடுவார்: மூன்றரை. வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் பார்த்த படம் ஒவ்வொன்றையும் லெட்டர்பாக்ஸ்ட் என்ற இணையத் தளத்தில் நாட்குறிப்புப் போலப் பதிந்து வருகிறார்கள். நானும் புள்ளி போடுகிறவன்தான். ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது, பல பேரின் எண்களைச் சேர்க்கும்போது அதற்கு என்ன ஆகிறது, முக்கியமாக எங்கள் மாவட்டங்களில் எடுக்கப்படும் சின்னப் படங்களுக்கு அது என்ன செய்கிறது என்று விளங்கிக்கொண்டு போட வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கொப்பியிலிருந்து தொடங்குகிறேன். நாங்கள் எட்டுப் பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவரின் வீட்டு விறாந்தையில் கூடிப் படம் பார்ப்போம். படம் முடிந்ததும் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆளுக்கொரு கடதாசித் துண்டில் புள்ளியை எழுதி மடித்துப் போட வேண்டும். ஒருவர் பிரித்து வாசிக்க, இன்னொருவர் தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பியில் ஏற்றுவார். பிறகுதான் தேத்தண்ணியும் வாக்குவாதமும். தொடக்கத்தில் இப்படிச் செய்யவில்லை. பேசிவிட்டு எழுதினோம். குரல் பெரிதாக உள்ளவர் ஒன்பது என்று சொன்னால் மற்ற எல்லோரும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் வந்து நின்றார்கள். இரண்டு மாதம் அப்படிப் போன பிறகுதான் துண்டு முறைக்கு மாறினோம்.

கொப்பியில் இரண்டு பக்கத்தை மட்டும் காட்டுகிறேன். ஒரு மாதம் பார்த்தது மெதுவாக நகரும் குடும்பப் படம். வந்த புள்ளிகள்: 6, 6, 7, 6, 6, 7, 6, 6. சராசரி 6.25. அடுத்த மாதம் ரத்தம் தெறிக்கிற பழிவாங்கல் படம்: 9, 8, 8, 8, 3, 3, 3, 2. சராசரி 5.5. இந்த ஐந்தரையை எங்களில் ஒருவரும் போடவில்லை. நாலு பேர் படத்தைத் தலையில் தூக்கி வைத்தார்கள், நாலு பேர் பாதியில் எழும்பப் பார்த்தார்கள். சராசரி எடுத்ததும் அந்தப் பிளவு மறைந்து, "சுமாரான படம்" என்று யாரும் சொல்லாத ஒரு தீர்ப்பு எழுந்து நிற்கிறது.

இதே இரண்டு பக்கத்தையும் உலகம் பார்க்கும் தளங்களிடம் கொடுத்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு கதை சொல்லும். 1998இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ், விமர்சகர்களில் எத்தனை வீதம் பேர் படத்தை நல்லது என்றார்கள் என்று மட்டும் எண்ணுகிறது. எவ்வளவு நல்லது என்று கேட்பதில்லை. 60 வீதத்தைத் தொட்டால் சிவப்புத் தக்காளி, அதற்குக் கீழே போனால் நசுங்கிய பச்சை. எங்கள் குடும்பப் படத்துக்கு எட்டுப் பேரும் ஆறோ ஏழோ போட்டதால் அந்தக் கணக்கில் அது 100 வீதம். பழிவாங்கல் படம் 50 வீதம், அதாவது அழுகல். ஒருவரின் நெஞ்சையும் தொடாமல் எல்லோருக்கும் "பறவாயில்ல" ஆன படம் அங்கே நூறு வாங்கலாம். பாதிப் பேரின் உயிரை உலுக்கிய படம் தோற்றுப் போகலாம். 100 வீதம் என்று கண்டதும் நூற்றுக்கு நூறு புள்ளி என்று நினைத்துப் பார்க்கப் போய் ஏமாந்தவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களைப் பேய்க்காட்டியது அந்தத் தளமில்லை. வீதத்தைப் புள்ளியாக வாசித்ததால் வந்த வினை. மெட்டாகிரிட்டிக் விமர்சனங்களை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றிச் சராசரி எடுக்கிறது. அதிலும் எல்லா விமர்சகருக்கும் ஒரே எடை கிடையாது.

ஐஎம்டிபியின் கதை வேறு. 1990இல் சினிமாப் பைத்தியம் பிடித்த சிலர் இணையத்தில் பகிர்ந்துகொண்ட பட்டியலாகப் பிறந்து, 1998இல் அமேசானின் கைக்குப் போனது. அங்கே யாரும் 1 முதல் 10 வரை போடலாம். ஆனால் திரையில் தெரியும் எண் வெறும் சராசரி அன்று. கூட்டமாக வந்து ஏற்றுகிறவர்களையும் இறக்குகிறவர்களையும் மட்டுப்படுத்த எடை போட்டுத்தான் காட்டுகிறார்கள். அவர்களுடைய முதல் 250 படங்களின் பட்டியலில் ஏற வேண்டுமென்றால் குறைந்தது 25,000 வாக்கு வேண்டும். அந்தப் பட்டியலுக்கு அவர்கள் வெளியிட்ட சூத்திரத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: வாக்கு குறைவான படத்தை எல்லாப் படங்களின் பொதுச் சராசரிக்குப் பக்கமாக இழுத்து வை. வாக்கு கூடக் கூடத்தான் அதன் சொந்த எண்ணை நம்பு. இந்த இழுப்பு எங்களுக்கு ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆறு என்றால் எவ்வளவு?

எங்கள் தலையில் முதலில் ஏறிய அளவுகோல் பள்ளிக்கூடத்துப் புள்ளி. சாதாரண தரத்தில் 75 எடுத்தால் ஏ, 35 எடுத்தால் எஸ், அதற்குக் கீழே சித்தியில்லை. படத்துக்குப் புள்ளி போடும்போதும் இந்தப் பழக்கம் கூடவே வருகிறது. எங்கள் குழுவில் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் ஐந்து போட்டால் அது ஒரு சாதாரணச் சித்தி, படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். கொம்பியூட்டர் படித்த மருமகனுக்கு ஐந்து என்பது அவமானம். வெறும் "பறவாயில்ல" படத்துக்கும் ஏழு போடுவான். இருவரும் ஒரே கருத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள், கொப்பியில் இரண்டு புள்ளி வித்தியாசம் நிற்கிறது.

தமிழில் படத்துக்குப் புள்ளி போடும் பழக்கத்தைப் பரப்பிய ஆனந்த விகடன் நூற்றுக்கு இத்தனை என்று கொடுத்தது. அங்கே 40ஐத் தாண்டினாலே நல்ல படம் என்று வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1977இல் வந்த '16 வயதினிலே' வாங்கிய 62.5 இன்றைக்கும் சாதனையாகப் பேசப்படுகிறது. அதே 62.5ஐ ஐஎம்டிபியின் 6.2 ஆக நினைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டாம் என்று தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்போம். எண்ணை வாசிக்குமுன் அது யாருடைய அளவுகோலால் அளந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. லெட்டர்பாக்ஸ்ட் அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை பத்துப் படி வைத்திருக்கிறது. 2011இல் நியூசிலாந்தில் தொடங்கிய அந்தத் தளத்தில் எனக்குப் பிடித்த விஷயம், எந்தப் படிக்கு எத்தனை பேர் போட்டார்கள் என்று சின்னச் சின்னக் கம்பங்களாகக் காட்டுவது. எங்கள் பழிவாங்கல் படம் அங்கே இரண்டு குன்றாகத் தெரியும், நடுவில் பள்ளம். சராசரி மறைத்ததை அந்தப் படம் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் பின்தொடரும் நண்பர்கள் என்ன போட்டார்கள் என்பதையும் அது தனியே காட்டும். அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நெட்ஃபிளிக்ஸ் 2017இல் நட்சத்திரத்தையே தூக்கி எறிந்துவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறியது. அப்போது மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். மாற்றுமுன் சோதித்துப் பார்த்தபோது மதிப்பீடு செய்கிறவர்களின் தொகை 200 வீதம் கூடியது என்று சொன்னார்கள். அதைவிட ஆழமான ஒரு காரணமும் இருந்தது. ஆவணப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர், வேலை முடிந்து வந்து பார்ப்பதோ மூன்று நட்சத்திரம் போட்ட நகைச்சுவையை. புள்ளி போடும்போது நாம் யாராக இருக்க ஆசைப்படுகிறோமோ அவராக மாறிவிடுகிறோம். மதிப்பும் விருப்பமும் இரண்டு விஷயம் என்பதை ஒற்றை எண்ணால் காட்ட முடிவதில்லை.

முதல் வாக்கின் பாரம்

துண்டில் எழுதி மடித்துப் போடுவது எங்கள் விளையாட்டுப் போலத் தோன்றலாம். அதற்குப் பின்னால் உறுதியான ஆய்வு இருக்கிறது. 2013இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு பரிசோதனை வெளிவந்தது. ஒரு செய்தித் தளத்தில் வரும் கருத்துகளில் சிலவற்றுக்கு, யாரும் வாசிக்குமுன்னமே, ஆய்வாளர்கள் பொய்யாக ஒரேயொரு ஆதரவு வாக்கைப் போட்டுவிட்டார்கள். இறுதியில் அந்தக் கருத்துகளின் மதிப்பு சராசரியாக 25 வீதம் உயர்ந்திருந்தது. பொய்யாகப் போட்ட எதிர் வாக்கை மக்கள் தாங்களாகவே திருத்திவிட்டார்கள், ஆதரவு வாக்கு மட்டும் குட்டி போட்டுப் பெருகியது. அதற்கு முன்பு, 2006இல், 14,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து, அறியப்படாத 48 பாடல்களைக் கொண்டு இன்னொரு ஆய்வு நடந்தது. மற்றவர்கள் எதை எடுத்தார்கள் என்று தெரிந்த குழுக்களில், குழுவுக்குக் குழு வேறு வேறு பாடல்கள் உச்சிக்குப் போயின.

இதைத் தமிழ்ப் படத்தின் முதல் நாள் முதல் காட்சியோடு பொருத்திப் பாருங்கள். இந்தியாவுக்கும் எங்களுக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் சென்னையில் காலைக் காட்சி விட்டு வருகிறவர்களின் முகத்தை யூடியூப் நமக்குக் காட்டிவிடும். பின்னேரக் காட்சிக்கு மட்டக்களப்பில் டிக்கட் எடுக்கிற ஒருவர் தியேட்டர் வாசலுக்கு வரும்போதே தலைக்குள் ஒரு புள்ளியோடுதான் வருகிறார். அந்தக் காலைக் காட்சிக்குப் போனவர்கள் யார்? விடிய எழும்பிப் போகும் அளவுக்கு அந்த நடிகர் மேல் உயிராக இருப்பவர்கள், அல்லது அவருடைய போட்டியாளர் மேல் உயிராக இருப்பவர்கள். அமெரிக்காவில் 1979 முதல் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் படம் வெளியான முதல் நாள் இரவுப் பார்வையாளரிடம் அட்டை கொடுத்து ஏ+ முதல் எஃப் வரை தரம் கேட்கிறது. அங்கே பெரும்பாலான படங்கள் நல்ல தரம் வாங்குவதில் வியப்பில்லை, விரும்பிப் போனவர்களிடம்தானே கேட்கிறார்கள். இடையில் நிற்கிறவர், "பறவாயில்ல" என்று சொல்லக்கூடியவர், மெதுவாக இரண்டாம் வாரம் போவார். அவரிடம் கமராவும் இல்லை, அவருக்குப் புள்ளி போடும் அவசரமும் இல்லை.

தயாரிப்பாளர்களுக்கு இதனால் வரும் வலியையும் சொல்ல வேண்டும். கேரள உயர் நீதிமன்றத்தில் 2023இல் இந்த விவகாரம் விசாரணைக்கு வந்தது. படம் வந்து முதல் 48 மணி நேரம் விமர்சனத்தைத் தள்ளிப் போடலாம் என்ற யோசனை, நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டவரின் அறிக்கையில் 2024இல் முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சனல்கள் பார்வையாளர் கருத்தைப் பதிவு செய்ய விடக்கூடாது என்று கேட்டார்கள். பிறகு, முதல் மூன்று நாள் விமர்சனம் கூடாது என்று கேட்டு நீதிமன்றத்துக்கும் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கவில்லை. என் எண்ணத்தில் அது சரி. காசு கொடுத்துப் பார்த்தவரின் வாயை மூன்று நாளைக்கு அடைத்து வைக்க எவருக்கும் உரிமையில்லை. வேண்டியதெல்லாம் கேட்கிறவரின் நிதானம்.

எங்கே பார்த்தது?

எங்கள் ஊரில் படத்தின் பேர் எப்போதும் படத்துக்கு முன்னே வந்து சேர்ந்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு இறக்குமதி அதன் கையில் இருந்தது. இந்தியப் படம் இங்கே திரைக்கு வரப் பிந்தும். அதற்குள் இந்தியச் சஞ்சிகையில் விமர்சனம் வாசித்திருப்போம், வானொலியில் கே. எஸ். ராஜாவின் குரலில் விளம்பரம் கேட்டுக் கேட்டு வசனமெல்லாம் மனப்பாடமாகியிருக்கும். பிறகு சண்டைக் காலம். கரண்ட் இல்லாத ஊர்களில் டிவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, வளவுக்குள் பாய் விரித்து, இரவு முழுக்க மூன்று படம் ஓடும்.

அந்த இரவுகளை நினைக்கும்போது ஒரு விஷயம் இப்போதுதான் விளங்குகிறது. மூன்றாவதாகப் போடுகிற படத்துக்கு எப்போதும் "அலுப்பு" என்றுதான் பேர் வரும். விடியற்காலை மூன்று மணி. பிள்ளைகள் பாயில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருக்கும். ஜெனரேற்றரின் இரைச்சலில் வசனம் பாதி கேட்காது. எண்ணெய் முடிகிற நேரம் பார்த்து திரையில் ஆட்கள் சுருங்கிச் சுருங்கி விரிவார்கள். அப்படி "அலுப்பு" என்று ஒதுக்கிய இரண்டு படத்தை வளர்ந்த பிறகு பகலில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் திறமான படங்கள். நாங்கள் அன்று புள்ளி போட்டது எங்கள் நித்திரைக்கு.

மனம் வேலை செய்யும் விதமும் இதில் இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமன் 1990களில் செய்த ஆய்வுகள் சொல்வது இது: ஒரு அனுபவத்தைப் பிறகு நினைத்து மதிப்பிடும்போது நாம் அதன் முழு நீளத்தையும் கூட்டிப் பார்ப்பதில்லை. அதில் உச்சமாக இருந்த கணமும் அது முடிந்த விதமும்தான் தீர்ப்பை எழுதுகின்றன. இடைவேளைக் காட்சியும் கிளைமாக்ஸும் அசத்தினால் நடுவில் சோர்ந்த ஒரு மணி நேரம் மறந்துபோகும். சீராக, அமைதியாக, முடிவில் கைதட்டல் கேட்காமல் முடிகிற படம் வாசலில் வைத்துக் கேட்டால் ஆறுதான் வாங்கும். ஒரு கிழமை கழித்தும் அதே படம் மனதில் நின்றால், அந்த ஆறைத் திருத்த எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் இங்குள்ள பெடியன்கள் எடுத்த ஒரு படத்தை ஒரு பொது மண்டபத்தில் திரையிட்டார்கள். பிளாஸ்டிக் கதிரை, திறந்த யன்னல், தகரக் கூரை. வசனம் கூரையில் பட்டு எதிரொலித்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. யன்னல் வெளிச்சத்தில் இரவுக் காட்சிகள் எல்லாம் சாம்பல். வீட்டுக்கு வந்து நாலு போட்டேன், ஒலியமைப்பு மோசம் என்றும் எழுதினேன். பிறகொரு நாள் அந்த இயக்குநரின் மடிகணினியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே படத்தைப் பார்த்தேன். வாவியில் தோணி போகும் ஒரு காட்சியில் சவளின் (துடுப்பின்) சத்தம் மட்டும் வரும், வசனம் கிடையாது. மண்டபத்தில் அந்தச் சத்தம் என் காதுக்கு வரவே இல்லை. நான் குறை சொன்ன ஒலியில்தான் அந்தப் பெடியன் மாதக்கணக்கில் உழைத்திருந்தான். புள்ளியை ஏழாக மாற்றினேன். ஆனால் நாலை வாசித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

ஒளிக்கும் இதே கதை. பாலு மகேந்திரா பிறந்தது இங்கே அமிர்தகழியில். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளிவந்து, இயற்கை ஒளியில் படம் பிடிப்பதற்கென்றே பேர் எடுத்தவர். ஒளிப்பதிவுக்காக இந்தியத் தேசிய விருது பெற்றவர். யன்னலால் வரும் வெளிச்சம் ஒரு முகத்தில் எப்படி இறங்குகிறது என்பதில் அவர் கதையின் பாதியைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட படத்தை ஓடும் பஸ்ஸில், வெளிச்சம் குறைத்த போனில், தியேட்டரில் களவாக எடுத்த கொப்பியில் பார்த்துவிட்டு "இருட்டாக் கிடக்கு, ஐந்து" என்று போட்டால் அது எதற்குப் போட்ட புள்ளி?

இருபத்தெட்டுப் பத்தும் இரண்டு நாலும்

இப்போது நான் தள்ளி வைத்த இழுப்புக் கணக்குக்கு வருகிறேன். மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ எடுத்த ஒரு படம் ஐஎம்டிபியில் ஏறியிருக்கிறது, 30 பேர் வாக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடித்தவர், நடித்தவரின் மச்சான், கமராக்காரரின் கூட்டாளிகள் என்று 28 பேர் பத்துப் போடுகிறார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் நாலு போடுகிறார்கள். சராசரி 9.6. உலகத்தின் எந்த மாபெரும் படத்துக்கும் இல்லாத எண். வாசிக்கிறவர் நம்பமாட்டார், நம்பாததும் சரி. இனி எடை போடுகிறோம். பொதுச் சராசரி 6.5, நம்பிக்கைக்கு 500 வாக்குக் கனம் என்று கணக்குக்காக எடுத்தால், 30ஐ 9.6ஆலும் 500ஐ 6.5ஆலும் பெருக்கிக் கூட்டி 530ஆல் வகுக்க வரும் விடை 6.7. படம் உண்மையில் ஒன்பதுக்குத் தகுதியானதாக இருந்தாலும் 6.7தான், மூன்றுக்குத் தகுதியானதாக இருந்தாலும் 6.7தான். கூட்டம் பெரிதாக இருக்கும் இடத்தில் வேலை செய்யும் கருவி, எங்கள் அளவில் எதையும் சொல்லாமல் ஊமையாகிவிடுகிறது.

பத்துப் போட்ட 28 பேரை நான் குறை சொல்லமாட்டேன். நகையை அடகு வைத்துப் படம் எடுத்த பிள்ளைக்கு ஊரே கைகொடுக்க நினைப்பது நல்ல மனம். ஆனால் அந்தப் பத்து அவனுடைய அடுத்த படத்துக்கு ஒரு உதவியும் செய்யாது. நாலு போட்ட இருவரும் என்ன கண்டார்கள் என்று எழுதியிருந்தால், அதில் ஒருவர் என்னைப்போலத் தகரக் கூரைக்குக் கீழே இருந்து பார்த்தவர் என்றாவது தெரிந்திருக்கும். மற்றவர் சொன்னதில் திருத்திக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

இதில் என் கவலை பழைய கவலை. இலங்கையில் தமிழ்ப் படம் 1962இல் 'சமுதாயம்' என்ற 16 மில்லிமீற்றர் படத்தோடு தொடங்கி, 1963இல் 'தோட்டக்காரி' வந்து, எழுபதுகளின் பிற்பாதியில் 'பொன்மணி', 'வாடைக்காற்று' என்று வரிசையாக வந்தது. அவற்றில் பல படங்களின் பிரதி இன்று இல்லை. அவை எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மிஞ்சியிருப்பது, பார்த்தவர்கள் அன்று எழுதி வைத்ததும், தம்பிஐயா தேவதாஸ் போன்றவர்கள் தேடித் தொகுத்ததும்தான். யாராவது அன்று பத்துக்கு ஆறு என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் இன்று அதை வைத்து என்ன செய்வோம்? இன்றைய படங்களும் ஒரு தளத்தில் கிடந்து, அந்தத் தளம் மூடினால் காணாமல் போகக்கூடியவைதான்.

அழுகை வந்ததா?

என் மாமிக்கு எழுபது கடந்துவிட்டது. அவருக்குப் புள்ளி தெரியாது. நான் எந்தப் படம் பார்த்துவிட்டு வந்தாலும் அவரிடமிருந்து ஒரே கேள்வி.

"செல்லு மனே, அழுகை வந்ததா?"

"இல்ல மாமி. ஆனா நல்ல படம்."

"பின்ன என்ன வந்திச்சு? சிரிப்பா, பயமா?"

ஒரு நாள் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். எனக்கு அந்தப் படத்தில் வந்தது அருவருப்பு, மனிதர் இப்படியும் கீழிறங்குவார்களா என்ற கூச்சம். அதைத்தான் அந்த இயக்குநர் உண்டாக்க நினைத்திருக்கிறார் என்பது மாமி கேட்ட பிறகே எனக்கு உறைத்தது. தொல்காப்பியம் இதற்குப் பேர் வைத்திருக்கிறது: இளிவரல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடு, அதாவது வெளியே தெரியும் உணர்ச்சி. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்து, நம்முடைய நாடக இலக்கணத்தின் கண்ணோடு பார்த்தார். ஒரு நாடகம் எந்தச் சுவையை நோக்கிப் போகிறது, அதை எட்டியதா என்று கேட்கும் மரபு எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. கூத்துக் களரியைச் சுற்றி விடிய விடிய இருந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். போர்க்கதை மிகுந்த வடமோடிக் கூத்துக்கு வைக்கிற எதிர்பார்ப்பைக் காதல்கதை மிகுந்த தென்மோடிக்கு வைக்கமாட்டார்கள். எங்கள் பழிவாங்கல் படத்துக்கு மூன்றும் இரண்டும் போட்ட நால்வரும், வெகுளியை, அதாவது கோபத்தை, நோக்கிப் போன படத்தில் உவகையைத் தேடியவர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு கொப்பியில் கோடு மாற்றிப் போட்டோம். முதல் கட்டத்தில் எங்கே, எதில், எந்த நேரம் பார்த்தது. இரண்டாவதில் என்ன மெய்ப்பாடு வந்தது, எந்தக் காட்சியில். மூன்றாவதில் படத்தின் ஒரு இடத்தைக் குறித்து இரண்டு வரி. புள்ளி கடைசிக் கட்டம். ஒரு கிழமை கழித்து மாற்றலாம், ஆனால் பழையதை அழிக்கக்கூடாது, கோடு கீறிவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். ஊர்ப் பெடியன்களின் படம் என்றால் அந்த மூன்றாவது கட்டத்தைப் போனில் படம் பிடித்து அவர்களுக்கே அனுப்பிவிடுகிறோம். முதலில் கோபப்பட்ட ஒருவர், அடுத்த படத்தின் எடிட் செய்த முதல் வடிவத்தை எங்கள் விறாந்தைக்குத் தானே கொண்டுவந்தார்.

மாமிக்கு முழங்கால் நோவு, விறாந்தைக்கு வரமுடியாது. போன மாதப் படத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் பேத்தியிடம் சொல்லி எழுதுவித்து அனுப்பியிருந்தார். இடம்: மகளின் போன், கட்டிலில், மத்தியானம். மெய்ப்பாடு: அழுகை, தகப்பன் செருப்பைக் கழற்றி வாசலில் வைக்கிற இடத்தில். இரண்டு வரி: "எங்கட அப்பாவும் இப்பிடித்தான் வைப்பார். ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு, வாசலுக்கு நேர வைக்கமாட்டார்." கடைசிக் கட்டத்தில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.